வெல்ஷிலேயே பாடி என்ன கண்டார்கள்? டட்ப்ளகி இசைக்குழு பற்றி

பிப்ரவரி 9

வாசகர் ஒருவர் கேட்டது: "டட்ப்ளகி என்ற வெல்ஷ் ராக் குழுவைச் சிலர் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். பிபிசி வானொலியில் ஜான் பீல் அத்தனை முறை கூப்பிட்டு வாய்ப்புக் கொடுத்தும் வேல்ஸைத் தாண்டினால் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாதா என்ன? ஆங்கிலத்தில் பாடியிருந்தால் எங்கேயோ போயிருப்பார்கள். மொழிப் பிடிவாதத்தால் வீணாய்ப்போன திறமை என்பது என் கட்சி. மறுக்க முடியுமா?"

பிப்ரவரி 9, இரவு

மறுக்கிறேன். அவர்கள் எங்கே போக ஆசைப்பட்டார்கள் என்று கேட்காமலே, போய்ச்சேரவில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

குழுவைக் கேள்விப்படாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் விவரம். 1982-ல் மேற்கு வேல்ஸின் கார்டிகன் ஊரில், வெல்ஷில் அபர்டைவி, பள்ளியில் படித்துக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் தொடங்கினார்கள். டேவிட் ஆர். எட்வர்ட்ஸ் எழுதுவார், பாடுவார். டி. வின் டேவிஸ் வாசிப்பார். கையில் இருந்த கருவிகளை வைத்துப் பதிவுசெய்து கேசட்டாக வெளியிட்டார்கள். 1984 வாக்கில் பேட்ரிசியா மோர்கன் சேர்ந்தார். முழுநீள இசைத்தட்டுகளில் முக்கியமானவை மூன்று: 1988-ல் 'வியாய்', 1990-ல் 'பிஸ்ட்', 1993-ல் 'லிபர்டீனோ'. 1995-ல் குழு ஓய்ந்தது. பல வருடம் கழித்து மறுபடி எழுந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒலி எப்படி இருக்கும் என்றால், மலிவான டிரம் மெஷின், ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு நகரும் கீபோர்டு, அதன்மேல் பாதி பேச்சு பாதி பாட்டாக எட்வர்ட்ஸின் குரல். மான்செஸ்டர் குழுவான 'தி ஃபால்' நினைவுக்கு வரும் என்று விமர்சகர்கள் எல்லாரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் டட்ப்ளகியின் மெட்டுகளில் அதைவிடத் துக்கம் அதிகம்.

பிப்ரவரி 10

நேற்று எழுதியது ஆள் அறிமுகம் மட்டும்தான். பதில் இன்னும் வரவில்லை. கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வெல்ஷில் ராக் வாசித்த முதல் குழு என்று பொதுவாகச் சொல்வது 'அ ப்ளெவ்'. அபெரிஸ்ட்வித் கல்லூரி மாணவர்கள், 1967. ஒரே ஒரு சிங்கிள் வெளியிட்டுவிட்டுக் கலைந்தார்கள். 1969-ல் 'சைன்' என்ற இசைத்தட்டு நிறுவனம் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் டவித் இவான், ஹியூ ஜோன்ஸ் இரண்டு பேரும் போராட்டப் பாடகர்கள். சைனின் முதல் வெளியீடே தண்ணீர் பற்றிய பாட்டு. லிவர்பூல் நகரத்துக்குக் குடிநீர் கொடுக்க 1965-ல் கேபல் கெலின் என்ற வெல்ஷ் கிராமத்தை அணைநீரில் மூழ்கடித்தார்கள், அந்தக் கோபம். 1973-ல் எட்வர்ட் ஹெச். டேவிஸ் குழு வந்தது. பெரிய அரங்கை நிரப்பி, இளைஞர்களை எழுந்து ஆடவைத்த முதல் வெல்ஷ் ராக் குழு அது.

அதாவது அந்தக் காலத்தில் வெல்ஷில் பாடுவது என்றாலே மொழிக்குத் தொண்டு. சால்வை போர்த்தாத குறை. 1962-ல் சாண்டர்ஸ் லூயிஸ் வானொலியில், இப்படியே போனால் மொழி செத்துவிடும் என்று பேசினார். அந்த வருடமே மொழிச் சங்கம் பிறந்தது. ஆங்கிலச் சாலைப் பலகைகளில் பச்சை பெயிண்ட் பூசினார்கள், சிறைக்குப் போனார்கள். வெல்ஷுக்குத் தனித் தொலைக்காட்சி தராவிட்டால் சாகும்வரை உண்ணாவிரதம் என்று 1980-ல் குவின்வோர் எவன்ஸ் அறிவித்த பிறகுதான் அரசு இறங்கிவந்தது. அந்தத் தொலைக்காட்சியான எஸ்4சி, ஒளிபரப்பை 1982 நவம்பரில் தொடங்கியது.

டட்ப்ளகி தொடங்கியதும் அதே 1982. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொழிக்காகச் சிறை சென்ற தலைமுறைக்கு வேலையும் சம்பளமும் அலுவலகமும் கிடைக்கத் தொடங்கிய வருடத்தில், பதினேழு வயதுப் பையன் ஒருவன் அதே மொழியில் "எனக்கு இங்கே சலிப்பாக இருக்கிறது" என்று எழுத உட்கார்ந்தான்.

பிப்ரவரி 10, சற்று பிறகு

எட்வர்ட் ஹெச்.சை இரண்டு வரியில் கடந்துவிட்டேன் என்று ஒருவர் வருத்தப்படுகிறார். நியாயம். 1976-ல் கோர்வென் அரங்கில் பிரிவு உபசாரக் கச்சேரி நடத்தியவர்கள், அப்புறம் மறுபடி கூடி, 2013-ல் டென்பி ஐஸ்டெத்வோட்டில், அதாவது வெல்ஷ் கவிதை, இசைத் திருவிழாவில், கடைசியாக விடைபெற்றார்கள். அந்த மக்கள்கூட்டம் டட்ப்ளகிக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. எட்வர்ட் ஹெச். இல்லாமல் வெல்ஷ் ராக் மேடை என்று ஒன்று இருந்திருக்காது. ஆனால் மேடை கிடைத்த பிறகு அதில் என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்பது வேறு கேள்வி. அதைக் கேட்டவர்கள் டட்ப்ளகி.

பிப்ரவரி 12

எனக்கு இந்தக் குழு எப்படி வந்தது என்று கேட்டிருந்தார்கள்.

படிப்புக்காக அபெரிஸ்ட்வித்தில் இருந்தேன். கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு பழைய வீடு, ஈரம் ஊறிய சுவர், ஐந்தாறு பேர் பகிர்ந்து வாழ்ந்தோம். அதில் ஒருவன் டெய்வி ஆற்றுப் பக்கத்துப் பண்ணைக் குடும்பத்துப் பையன். வீட்டில் வெல்ஷ், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வெல்ஷ், பள்ளியில் வெல்ஷ். எங்களோடு ஆங்கிலம் பேசுவான். அம்மாவிடமிருந்து போன் வந்தால் குரலே மாறிவிடும், இன்னும் சின்னப் பையனாகிவிடுவான்.

அவன்தான் 'பிஸ்ட்' போட்டான். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. இருந்தும் அந்தக் குரலில் இருந்த சோர்வு புரிந்தது. வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் மனிதனின் சோர்வு. மறுபடி போடச் சொன்னேன். அவன் ஒரு விஷயம் சொன்னான், அதை இன்றுவரை நான் விடவில்லை. தனக்கு வெல்ஷ் என்றால் அம்மா, போதகர், ஆசிரியர், பரிசு வாங்கிய கவிஞர், இவர்கள் பேசும் மொழியாம். கெட்ட வார்த்தை, குடி, காமம், வேலையில்லாத மதியம், இதெல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும் என்று நினைத்து வளர்ந்தானாம். பதினாலு வயதில் டட்ப்ளகியைக் கேட்டபோது, தன் ஊர்ப் பேச்சிலேயே, தென்மேற்கு வேல்ஸின் வட்டார வழக்கிலேயே, நடுவில் ஆங்கிலச் சொற்களும் கலந்து, ஒருவர் தன் வெறுப்பையெல்லாம் கொட்டுவதைக் கேட்டு ஆடிப்போய்விட்டானாம். "இதுவும் நம்ம மொழியில் முடியுமா" என்று தோன்றியதாம்.

அந்தப் பாட்டுகளை ஆங்கிலத்தில் பாடியிருந்தால் அவனுக்கு இது நடந்திருக்காது. கேள்வி கேட்ட நண்பருக்கு என் பதிலின் மையம் இதுதான். மீதி எல்லாம் இதைச் சுற்றித்தான்.

பிப்ரவரி 12, இரவு

ஒன்று விட்டுப்போனது. எட்வர்ட்ஸ் வெல்ஷைத் திட்டினார் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 'லிபர்டீனோ'வில் 'கான் இ கம்ரி' என்று ஒரு பாட்டு. வெல்ஷ் பேசும் நடுத்தர வர்க்கத்தின் சொகுசையும், மொழியை வைத்துப் பிழைத்துக்கொண்டே மொழிக்காகக் கண்ணீர் விடுவதையும் ஒவ்வொன்றாக அடுக்கிக் கிழிக்கும் பாட்டு. அதை ஆங்கிலத்தில் பாடினால் வெளியாள் ஒருவர் வெல்ஷ்காரர்களைக் கேலிசெய்வது போலாகிவிடும். வெல்ஷில் பாடும்போது அது வீட்டுக்குள் நடக்கும் சண்டை. திட்டு வாங்குகிறவருக்கு ஒரு சொல் விடாமல் புரியும். அவரும் பதிலுக்குத் திட்டலாம், திட்டினார்கள். ஒரு மொழியில் அதன் காவலர்களையே இப்படி வாங்கு வாங்கென்று வாங்க முடிந்தால் அந்த மொழிக்கு உயிர் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இன்னொரு செய்தி, எனக்கு மிகவும் பிடித்தது. முதல் ஐஸ்டெத்வோட் என்று வெல்ஷ்காரர்கள் கணக்கு வைப்பது 1176-ல் ரீஸ் பிரபு நடத்திய கவிதை, இசைப் போட்டியை. அது நடந்தது கார்டிகன் கோட்டையில். அதே ஊரிலிருந்துதான் டட்ப்ளகியும் வந்தது.

பிப்ரவரி 13

"தமிழோடு ஒப்பிட்டு எழுதுங்களேன்" என்கிறார் ஒருவர். வேண்டாம். நம் எண்ணிக்கை கோடிகளில். 1981 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசியவர்கள் சுமார் 5 லட்சத்து 8 ஆயிரம் பேர், வேல்ஸ் மக்களில் 19 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. 2021-ல் 17.8 சதவீதம். அந்த ஐந்து லட்சத்தில் குழந்தைகளையும் முதியவர்களையும் கழித்து, ராக் கேட்காதவர்களையும் கழித்து, மிச்சமிருப்பவர்களிலும் பாதிப் பேரைக் கோபப்படுத்தும் பாட்டு எழுதுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை மட்டும் பாருங்கள்.

பிப்ரவரி 15

இனி ஜான் பீல்.

அவர் இரவு நேரத்தில் பிபிசி ரேடியோ 1-ல் நிகழ்ச்சி நடத்தினார். 1985-ல் அன்ஹ்ரெவ்ன் என்ற பங்க் குழுவினர் தங்கள் சொந்த லேபிளில் ஒரு தொகுப்பு இசைத்தட்டு வெளியிட்டார்கள். ரீஸ் முவின் என்பவர் அதன் பின்னால் ஓடியாடியவர். பெரிய நிறுவனம் எதுவும் ஏறெடுத்துப் பார்க்காத வெல்ஷ் குழுக்களை ஒன்றாகச் சேர்த்த தட்டு. டட்ப்ளகியின் 'அ டெய்ம்லட்' பாட்டும் அதில் இருந்தது. பீல் அந்தக் குழுக்களை எடுத்து ஒலிபரப்பினார். பிறகு டட்ப்ளகியை ஸ்டூடியோவுக்கு அழைத்தார். 1987 முதல் 1993 வரை ஐந்து முறை அவருடைய நிகழ்ச்சிக்காகப் பதிவுசெய்தார்கள்.

பீல் அமர்வு என்றால் ஒரே நாளில் நாலைந்து பாட்டைப் பதிவுசெய்து முடிக்க வேண்டும். ஊதியம் உண்டு. நல்ல ஒலிப்பொறியாளர் உண்டு. அதைவிட முக்கியம், பிரிட்டன் முழுக்க, அலைவரிசை எட்டும் இடமெல்லாம் கேட்கும். டட்ப்ளகி போன்ற ஒரு குழுவுக்கு இது பெரிய ஆதாரம். ஆக, கேள்வி கேட்ட நண்பர் சொல்வதற்கு நேர் எதிர்தான் நடந்திருக்கிறது. ஒரு சொல்லும் புரியாத ஆங்கிலேயர் ஒருவர் வெல்ஷ் பாட்டை மறுபடி மறுபடி ஒலிபரப்பினார். புரிகிற வெல்ஷ் ஊடகத்தில் பாதிப் பேர்தான் முகம் சுளித்தார்கள்.

முகம் சுளிக்காதவர்களும் இருந்தார்கள், அவர்களையும் சொல்லிவிட வேண்டும். எஸ்4சியில் 'ஃபிடியோ 9' என்ற இசை நிகழ்ச்சி இந்த மாதிரிக் குழுக்களுக்குக் காமிராவும் காசும் கொடுத்தது. 1988-ல் அபெரிஸ்ட்வித் மாணவர்கள் தொடங்கிய 'அங்ஸ்ட்' லேபிள்தான் பிறகு 'லிபர்டீனோ'வை வெளியிட்டது. எந்தத் தொலைக்காட்சியை எட்வர்ட்ஸ் பாட்டில் கிழித்தாரோ அதே தொலைக்காட்சி இல்லாவிட்டால் இந்தத் தலைமுறைக் குழுக்களுக்குப் பிழைப்பு இன்னும் கஷ்டம். இரண்டும் உண்மை.

பிப்ரவரி 18

12-ம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். கோபம், திட்டு என்று கோபத்தையே பேசியிருக்கிறேன். அதோடு நிறுத்தினால் எட்வர்ட்ஸின் பாதி மட்டும்தான் தெரியும்.

'அ டெய்ம்லட்' காதல் பாட்டு. காதல் காதல் என்கிறார்களே, அந்த உணர்வு என்னதான் என்று கேட்கிற பாட்டு. பதில் தெரியாமல் கேட்கிறது. வேதனையை அலங்காரம் இல்லாமல் வைக்கிறது. இளம் வயதில் எழுதியது. சூப்பர் ஃபர்ரி அனிமல்ஸ் குழு 2000-ல் முழுக்க வெல்ஷில் வெளியிட்ட 'மூங்' இசைத்தட்டில் இதை எடுத்துப் பாடினார்கள். 'மூங்' பிரிட்டிஷ் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் 11-ம் இடம் வரை போனது. முதல் 20-க்குள் வந்த முதல் வெல்ஷ் தட்டு அதுதான். நாடாளுமன்றத்தில் பாராட்டித் தீர்மானம் கொண்டுவந்தார்கள். கார்டிகன் பையன் எழுதிய பாட்டு, ஒரு சொல் மாறாமல், இப்படி ஊரெல்லாம் கேட்டது.

டட்ப்ளகியையும் 'மூங்'கையும் இணைக்கும் ஒரு மனிதர் உண்டு, கோர்வெல் ஓவன். ஆங்கில்சி தீவின் லான்வைலோக் என்ற ஊரில் 'ஓவ்ன்' என்ற ஸ்டூடியோ வைத்திருந்தவர். டட்ப்ளகியைப் பதிவுசெய்தவர் அவர்தான், 'மூங்' உருவானபோதும் உடனிருந்தார். லண்டன் பக்கமே போகாமல் ஒரு இசை மரபு எப்படிக் கைமாறுகிறது என்பதற்கு அந்த ஸ்டூடியோவே சாட்சி.

பிப்ரவரி 18, இரவு

முதல் கேள்வி கேட்ட நண்பர் திரும்ப வந்திருக்கிறார்: "சூப்பர் ஃபர்ரி அனிமல்ஸ் அதற்குமுன் மூன்று ஆங்கிலத் தட்டு போட்டுப் பெயர் வாங்கியவர்கள். அந்தப் பெயரில்தான் 'மூங்' விற்றது."

ஆமாம், அதை மறுக்க முடியாது. கதவைத் திறந்தது ஆங்கிலத் தட்டுகள்தான். 80-களில் வெல்ஷில் வாசித்த 'அ கிர்வ்' குழுவின் இருவர் பிறகு கட்டட்டோனியா குழுவில் சேர்ந்து ஆங்கிலத்தில் பாடி, 1998-ல் பட்டியலின் முதலிடத்தையே பிடித்தார்கள். அவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். சூப்பர் ஃபர்ரி அனிமல்ஸ் பாடகர் க்ரிஃப் ரீஸ் இரண்டு மொழியிலும் எழுதுகிறவர், இரண்டிலும் நன்றாக எழுதுகிறார்.

ஆனால் இதையும் யோசியுங்கள். ஆங்கிலத்தில் பெயர் வாங்கிவிட்டு, தங்கள் மொழியில் ஒரு தட்டு போட உட்கார்ந்தபோது, அடுத்தவர் பாட்டு ஒன்றை எடுக்க அவர்கள் கைநீட்டியது டட்ப்ளகியிடம். 80-களில் டட்ப்ளகியும் ஆங்கிலத்துக்குப் போயிருந்தால் எடுக்க என்ன இருந்திருக்கும்? எல்லாரும் வெளியே போகலாம் என்றால் யாராவது ஒருவர் உள்ளே இருந்து எழுதிக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலையை எட்வர்ட்ஸ் செய்தார். அதற்கு அவருக்குக் கிடைத்த கூலி மிகக் குறைவு என்பதில் மட்டும் உங்களோடு நான் முழுக்க உடன்படுகிறேன்.

மார்ச் 2

1995-க்குப் பிறகு என்ன ஆயிற்று என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். எழுதத் தயக்கமாக இருந்தது.

எட்வர்ட்ஸ் குடியாலும் மனநோயாலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டார். அதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். பல வருடம் இசை இல்லை. இந்த இடத்தில் "எரிந்து முடிந்த மேதை" என்று எழுதுவது வழக்கம். எனக்கு அது பிடிக்காது. ஒருவர் நோயில் கிடந்த வருடங்களைப் படைப்பின் விலை என்று சொல்வது கேட்பவர்களுக்குச் சௌகரியம், அவ்வளவுதான். சிகிச்சையும் நண்பர்களும் கொஞ்சம் பணமும் அவருக்கு முன்னதாகவே கிடைத்திருந்தால் பாட்டு குறைந்திருக்காது, கூடியிருக்கும்.

எனக்கு முக்கியம், அவர் திரும்பி வந்தது. 2008-ல் ஒரு சிங்கிள். 2012-ல் ஒரு சிறு தொகுப்பு. 2014-ல் 'எர்பின் ஹின்', 2015-ல் 'போரூர் த்ராலோட்', 2020-ல் 'கூம் குவாக்லே'. வயதானவரின் குரல், மெதுவான பேச்சு. கோபம் போகவில்லை, ஆனால் அதன் பக்கத்தில் ஒரு கருணை வந்து உட்கார்ந்திருக்கிறது. இளம் வயதுத் தட்டுகளை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துகிறவர்கள் இதை இழக்கிறார்கள்.

2021 ஜூனில் காலமானார். வயது 56. அபெரிஸ்ட்வித் வீட்டு நண்பன்தான் செய்தி அனுப்பினான். அவன் இப்போது தன் பிள்ளைகளை வெல்ஷ் பள்ளிக்கு அனுப்புகிறான். பதின்ம வயது வந்ததும் 'பிஸ்ட்' கொடுப்பேன், அம்மாவுக்குத் தெரியாமல் கேட்கட்டும் என்று எழுதியிருந்தான்.

மார்ச் 3

இத்தனை நாள் பேசியும் யாரும் பேட் மோர்கனைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் ஆரம்பத்தில் ஒரு வரியோடு விட்டுவிட்டு எட்வர்ட்ஸ் எட்வர்ட்ஸ் என்றே ஓடிக்கொண்டிருக்கிறேன். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள்.

டேவிஸ் விலகிய பிறகு குழு என்றால் இவர்கள் இரண்டு பேர்தான். கீபோர்டு, பாஸ், கிடார், எது தேவையோ அதை மோர்கன் வாசித்தார். அந்தச் சொற்கள் வெறும் புலம்பலாகாமல் பாட்டாக நின்றது அவர் கட்டிய இசையால். எட்வர்ட்ஸ் இழுத்துக்கொண்டே போவார். மோர்கனின் கீபோர்டு அவசரப்படாது, அடியில் அப்படியே நிற்கும். ஒருவர் தடுமாறும்போது மற்றவர் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது போல. இடைவெளிக்குப் பின் வந்த தட்டுகளிலும் இருப்பது அவர்கள் இரண்டு பேர்தான். சொல் புரியாத எனக்குக் குழு முதலில் பிடித்துப்போனதே மோர்கனால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

மார்ச் 9

எங்கிருந்து தொடங்குவது என்பவர்களுக்கு: 'அ டெய்ம்லட்' பாட்டை முதலில் கேளுங்கள், டட்ப்ளகியின் பதிவைக் கேட்டுவிட்டு 'மூங்'கில் இருப்பதைக் கேளுங்கள். அப்புறம் 'பிஸ்ட்'டை முழுசாக, நடுவில் நிறுத்தாமல். 'லிபர்டீனோ' நீளம், கரடுமுரடு, ஒரே மூச்சில் வேண்டாம். 'வியாய்' அதற்குப் பிறகு. 1985 முதல் 1995 வரை வந்தவற்றைத் தொகுத்த தட்டும் உண்டு, அது கிடைத்தால் வாங்கிவிடுங்கள். சொற்கள் புரியவில்லையே என்று கவலைப்பட்டு மொழிபெயர்ப்பைத் தேடிக்கொண்டு முதல்முறையே உட்காராதீர்கள். இரண்டாவது முறைக்கு அது உதவும். 'கான் இ கம்ரி'க்கு மட்டும் முதலிலேயே தேவை, அந்தப் பாட்டில் யாருக்கு எந்த அடி விழுகிறது என்று தெரிந்தால்தான் சுவை.